தேடிப் போக மாட்டேன்

மகள் ஆடிய டான்ஸ் வீடியோவைப் பூவராகவன் தினமும் பார்க்கிறான் என்று ரத்னா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளும்தான் என்ன செய்வாள், பாவம்? இரண்டு வருஷமாகப் புருஷனைப் பற்றி வெளியே சொல்லிக்கொள்ள அவளிடம் நல்லதாக ஒன்றுமே இருந்ததில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டபோது அதை வாய்க்குள்ளேயே வைத்திருக்க அவளால் முடியவில்லை.

சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்குக் காண்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிவாக்கில் வீட்டுக்கு வருவான். கரி படிந்த சட்டையைக் கொல்லையில் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிப்பான். சோறு தின்றதும் உள் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனைக் கையில் எடுப்பான். உடனே மகள் தர்ஷினி ஆடிய பாட்டு கேட்கும். முதலில் உடுக்கைச் சத்தம், அப்புறம் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற முதல் வரி. அந்த வரி முடிவதற்குள் பாட்டு நின்றுவிடும். மறுபடி உடுக்கை, மறுபடி அதே வரி. இப்படிச் சில தடவை ஆனதும் சத்தமே இருக்காது. மகள் மேடைக்கு வருகிற இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, அலுப்பில் அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறான் என்று ரத்னா பாத்திரம் தேய்த்தபடி நினைத்துக்கொள்வாள்.

நாலாம் வகுப்புப் படிக்கும் தேவதர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் போய் நிற்பாள்.

"இன்னிக்கும் பாத்தியாப்பா?"

"பாத்தேன் கண்ணு."

"எல்லாத்தயும் பாத்தியா?"

"எல்லாத்தயும் பாத்தேன். சூப்பரா கீது."

இன்னும் எதையோ அவன் சொல்லப் போகிறான் என்பது போல அவள் கொஞ்ச நேரம் நிற்பாள். அவன் போனில் கண்ணைப் போட்டுவிடுவான். அவள் எதற்காக நிற்கிறாள் என்று ரத்னாவுக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழா அன்று அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த மகளிடம், "வீடியோல பாக்குறேன் கண்ணு. நடுவுல கேமராவப் பாத்து எனக்குக் கை ஆட்டு, இன்னா?" என்று அவன்தான் சொல்லிவிட்டுப் போனான். அவளும் ஆட்டினாள். வரிசையை விட்டு முன்னால் வந்து கை ஆட்டியதற்கு மேடைக்குப் பின்னால் டீச்சரிடம் திட்டும் வாங்கினாள். "நீ சொல்லாதம்மா. அப்பாவே பாத்துட்டு சொல்லட்டும்" என்று ரத்னாவின் வாயையும் கட்டி வைத்திருந்தாள். அவன் சொல்லவே இல்லை. மறந்திருப்பான், ஆண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று ரத்னா விட்டுவிட்டாள்.

பழைய கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பூவராகவனுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. ஊரே மெச்சிக்கொண்ட பையன். அவனைப் பிடித்தது போனில் விளையாடுகிற ரம்மி. ஏரிக்கரையை ஒட்டி அவன் அப்பா விட்டுப்போன நெல் நிலத்தில் பாதி அதில் போயிற்று. ரத்னாவின் காதில் இருந்ததும் போயிற்று. மிச்ச நிலத்தை அவள் அழுது அடம்பிடித்துத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டாள். அதனால் அவனுடைய அண்ணன் வீட்டில் இன்றைக்கும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் இதே விளையாட்டில் எல்லாவற்றையும் தொலைத்த ஒருத்தன் தண்டவாளத்தில் போய்ப் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவன் வீடு திரும்பச் சற்று நேரமானாலும் அவள் தெருமுனையில் போய் நிற்பாள். நிலம் போனால் போகட்டும், ஆள் மிஞ்சினால் போதும் என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

அதற்காகத்தான் போன ஆடியில் அவனைப் பொன்னியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடியை விட நினைக்கிறவர்களுக்குப் பூசாரி முனுசாமி அங்கே கயிறு கட்டுவார். கட்டினால் அடுத்த ஆடி வரைக்கும் கணக்கு. நடுவில் வாக்கு மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பயம். பெரிய பெரிய குடிகாரர்கள் எல்லாம் அந்தக் கயிற்றுக்கு அடங்கியிருக்கிறார்கள்.

போனில் சீட்டு என்றதும் பூசாரிக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. இருந்தாலும் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை.

"சொல்லு நைனா. கையால தொட மாட்டேன், தேடிப் போவ மாட்டேன்."

"போன தொடாம எப்டி சாமி? கம்பெனில அட்டெண்டன்ஸே அதுலதான போடுறாங்க" என்றான் பூவராகவன்.

முனுசாமி தலையைச் சொறிந்தார். "செரி, தொடுறத உட்டுரு. நானா தேடிப் போவ மாட்டேன்னு மட்டும் சொல்லு."

சூடத்தின் மேல் கை வைத்துச் சொன்னான். சொல்லும்போது கண் கலங்கினான். மஞ்சள் தடவிய கயிறு வலது மணிக்கட்டில் ஏறியது. சாராயக் கடை எவன் வீட்டுக்கும் நடந்து வருவதில்லை. தேடிப் போகாமல் இருந்தால் குடிகாரனுக்குப் போதும். போனுக்கு அது போதுமா என்று பூசாரிக்கும் தோன்றவில்லை, ரத்னாவுக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சட்டமும் வந்தது. காசு வைத்து ஆடுகிற ஆப்புகளை எல்லாம் மூடினார்கள். அம்மனும் அரசாங்கமும் சேர்ந்து தன் குடும்பத்துக்குக் கதவைச் சாத்தியதாகவே ரத்னா எடுத்துக்கொண்டாள். அவனும் மனுஷனாகத்தான் இருந்தான். லீவு நாளில் வயலுக்குப் போனான், நெல் கருது மேல் படிகிற ஆலைக் கரியைப் பற்றி எல்லாரையும் போலப் புலம்பினான், மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தான். தையில் அறுவடையும் ஆயிற்று. அப்புறம்தான் ஆண்டு விழா, அப்புறம்தான் அந்த வீடியோ.

பென் டிரைவில் வந்த வீடியோவை அவன் போனில் ஏற்றியபோது படம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுத்த போட்டோக்காரர் வாட்சப்பில் ஒரு லிங்க் அனுப்பி, இந்த பிளேயர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போட்டதும் சத்தம் வந்தது. கூடவே விளம்பரமும் வந்தது.

ரத்னா அதை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுச் செல்விக்கு டான்ஸைக் காட்டலாம் என்று போனை எடுத்த அன்றைக்கு. உடுக்கை, முதல் வரி, அவ்வளவுதான். திரை முழுக்கச் சீட்டுக்கட்டு ராஜாவும் ராணியும் வந்து நின்றார்கள். காசு கொட்டுகிற சத்தம். பச்சைப் பொத்தான் ஒன்று துடித்தது. ரத்னா அவசரமாகப் போனை அணைத்தாள். செல்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவமானமாக இருந்தது.

அன்றைக்கு அவன் வந்ததும், "வீடியோ போட்டாலே சீட்டு வந்து நிக்குதே, இன்னாங்க இது?" என்றாள்.

"அது அதுவா வர்றது ரத்னா. எல்லார் போன்லயும் வர்றதுதான். நான் மூடிடுவேன்."

அவன் சொன்னதை அவள் நம்பினாள். தினமும் அந்தச் சனியன் கண்ணெதிரே வந்து கூப்பிட்டும் மூடிவிட்டு மகளைப் பார்க்கிறானே என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் எத்தனை நாளைக்கு ஒரு மனுஷன் மூடிக்கொண்டே இருப்பான்? அவன் பலத்தைச் சோதிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஒரு லீவு நாளில், அவன் வரப்பு வெட்டப் போயிருந்தபோது, சார்ஜில் கிடந்த போனை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் கல்பனா போன் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். கம்பெனியில் நாள் முழுக்க நின்று காலில் நரம்பு சுருண்டுகொண்டதால் வேலையை விட்டுக் கடை போட்டவள். ரத்னா சொல்லி முடிப்பதற்குள் வீடியோவைத் தட்டினாள். முதல் வரியில் கூந்தல் எண்ணெய் விளம்பரம் வந்தது. மூடிவிட்டு மறுபடி தட்டினாள், கடன் தருகிறேன் என்று ஒருத்தன் சிரித்தான். அடுத்த தடவைதான் சீட்டு வந்தது.

"ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு வரும்க்கா. ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு. எது வரும்னு சொல்ல முடியாது" என்றாள் கல்பனா. விளம்பரம் திரையில் நிற்கும்போதே கீழே ஓரத்தில் இருந்த சதுரத்தை அமுக்கினாள். திறந்து கிடந்த ஆப்புகள் வரிசையாக வந்தன. விளம்பரத்தின் தலையில் அந்த பிளேயரின் பெயர் இருந்தது. "பாருங்க, வீடியோ மேல தப்பே இல்ல. அத ஓட்டுற ஆப்புதான் திருட்டு ஆப்பு."

"சட்டம் போட்டு மூடிட்டாங்கன்னு சொன்னாங்களேம்மா?"

"ஒயுங்கான எடத்துல மூடிட்டாங்க. நீங்களா தேடுனா இப்ப கெடைக்காது. இந்த மாதிரி விளம்பரத்து வயியாதான் பூந்துக்கினு வர்றானுங்க. நேத்து இருந்த அட்ரசு இன்னிக்கி இருக்காது."

அந்த பிளேயரை எடுத்து எறிவதற்கு முன்னால் கல்பனாவின் விரல் ஒரு இடத்தில் நின்றது. வீடியோவின் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு, நகக்கண் அளவுக்கு.

"இத்தினி நாள்ல அதிகமா எது வரைக்கும் ஓடியிருக்குன்னு இந்தக் கோடு காட்டும்க்கா. ஆரம்பத்துலயே நின்னுக்கினு கீது. முயுசா பாக்கவே இல்ல போல."

"டூட்டி முடிச்சு வந்து அசந்துடுவாரு" என்று ரத்னா சிரித்தாள்.

கல்பனா அந்த ஆப்பை நீக்கினாள். மற்ற ஆப்புகளின் மேல் வந்து நிற்பதற்கான அனுமதிகளை ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தாள். விளம்பரம் இல்லாத வேறு பிளேயர் ஒன்றைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டுக் காட்டினாள். உடுக்கை, முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. எதுவும் குறுக்கே வரவில்லை. ரத்னாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. போகிற வழியில் பொன்னியம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவன் ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தான். அடுக்களையில் இருந்து ரத்னா காது கொடுத்துக் கேட்டாள். உடுக்கை, முதல் வரி, இரண்டாம் வரி. நின்றது. மறுபடி முதலில் இருந்து. நின்றது. மறுபடியும். பிறகு அவன் குரல் வந்தது.

"போன யாரு எடுத்தது?"

"நான்தாங்க. விளம்பரம் வராம பண்ணிக்கினு வந்தேன். இனிமே நீங்க பேஜாரு இல்லாம பாக்கலாம்."

"நல்லது" என்றான்.

அடுத்த நாளும் போட்டான். இரண்டாம் வரியிலேயே நிறுத்தினான். அதற்கப்புறம் போடுவதையே விட்டுவிட்டான். வந்தான், தின்றான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். குழம்பில் உப்பில்லை என்று கத்தினான். உப்பு இருந்தது. தர்ஷினி வந்து, "இன்னிக்கி பாக்கலியாப்பா?" என்றபோது, "கண்ணு எரியுதும்மா, போ" என்றான். அவள் போகாமல் நின்றாள். "போன்னு சொன்னேன்ல?" என்று சத்தம் போட்டான். அவள் கொல்லைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் ஊறிய துணியை வெறுமனே அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அவனுடைய கம்பெனிச் சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் ரத்னாவுக்கு உறைத்தது. முதல் வரி மட்டும் ஏன்? கூந்தல் எண்ணெய் வந்தால் மூடிவிட்டு மறுபடி, கடன்காரன் வந்தால் மூடிவிட்டு மறுபடி. சீட்டு வந்தால்? சீட்டு வந்த பிறகுதான் அந்த நிசப்தம். அவன் கண்ணயரவில்லை. ஓவர்டைம் காசு இந்த மாசமும் கைக்கு வரவில்லை என்று அவன் சொன்னதும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. ரத்னா சட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு முழுக்கச் சொன்னோமே என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

ஆனாலும் அவள் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். எப்படியும் வழி அடைபட்டுவிட்டது, கிளறி என்ன ஆகப்போகிறது, ஆடி வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நம் பெண்கள் பாதிக் குடும்பத்தை இந்தத் தேறுதலில்தான் நடத்துகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே உடுக்கைச் சத்தம் கேட்டது. முதல் வரி வந்தது. நின்றது. மறுபடி உடுக்கை.

தர்ஷினி ஓடி வந்தாள். முகமெல்லாம் பல். "அம்மா, அப்பா மறுபடியும் பாக்குறாரும்மா!"

"இன்னாடி சொல்ற?"

"அந்தப் பழைய பிளேயர்லதான் சவுண்டு நல்லா கீதாம். எடுத்துட்டாங்களே, நீ போட்டுத் தர்றியா கண்ணுன்னு கேட்டாரு. வாட்சப்புல அந்த அங்கிள் அனுப்புன லிங்க் இருந்திச்சு. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

ரத்னா ஈரக் கையோடு உள்ளே போனாள். பூவராகவன் நிமிர்ந்து பார்த்தான். போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தான். மகள் வாசற்படியில் நிற்பதால் அவன் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"நானா தேடிப் போவல ரத்னா. பொன்னியம்மா மேல சத்தியமா. அதுவா வருது. வாக்க நான் மீறல."

மணிக்கட்டை உயர்த்திக் கயிற்றைக் காட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒரு தடவைகூட அவனாகத் தேடிப் போகவில்லை என்பதை மனசார நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரத்னா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கத்தினால் பெண்ணுக்குத் தெரியும். கத்தாவிட்டால் இப்படியே நடக்கும். அவன் மடியில் இருந்த போனை எடுத்து, தானே வீடியோவைத் தட்டினாள். எண்ணெய் விளம்பரம் வந்தது. மூடினாள்.

"முழுசா பாரு" என்றாள். "பொண்ணு பக்கத்துல உக்காந்து முழுசா பாரு. அது போதும் எனக்கு."

தர்ஷினி காத்திருந்தவள் போல ஓடி வந்து அவன் தோளில் ஒட்டி உட்கார்ந்தாள். பாட்டு முதல் வரியைத் தாண்டியது. இரண்டாம் வரியைத் தாண்டியது. பச்சைப் பாவாடையில் பிள்ளைகள் நாற்று நடுகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தார்கள். பூவராகவன் பார்த்தான், நிஜமாகவே பார்த்தான். "அட, கண்ணு, நல்லா ஆடுறியே" என்றான். ரத்னாவுக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடத் தோன்றியது. தர்ஷினி திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டின் நடுவில் திரையில் இருந்த சின்னப் பெண் வரிசையை விட்டு விலகினாள். முன்னால் வந்து, நேராகப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். வாய் எதையோ சொன்னது.

பூவராகவன் சிரித்தான். "யாருக்குக் கண்ணு கை காட்டுற? டீச்சருக்கா?"

தர்ஷினியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள் போல. அப்புறம் மெதுவாகப் போயிற்று.

"நீதானப்பா காட்டச் சொன்ன."

அவன் திரையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். ஏதோ ஞாபகம் வந்து வாய் திறந்தது.

"தெனம் பாத்தேன்னு சொன்னியே. எல்லாத்தயும் பாத்தேன்னு சொன்னியேப்பா."

பாட்டு தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது, கைதட்டல் கேட்டது, அதுவும் அடங்கியது. பிறகு திரை மாறியது. காசு கொட்டுகிற சத்தத்தோடு ராஜாவும் ராணியும் வந்து நின்றார்கள். பச்சைப் பொத்தான் துடித்தது. பூவராகவன் மகளிடம்தான் ஏதோ சொல்ல வந்தான். ஆனால் அவன் கண் கீழே போயிற்று, கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. கொஞ்சம்தான். தர்ஷினி அதைப் பார்த்தாள்.

அவள் எழுந்து நின்றாள். அழவில்லை. மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தேடித் தொட்டு அந்த விளம்பரத்தை மூடிவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த வீடியோவ அழிச்சிடும்மா."

"கண்ணு, வேணாம்மா, இங்க வா" என்று அவன் கையை நீட்டினான். அவள் வெளியே போய்விட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ரத்னா போனை எடுக்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, பாதியில் விட்ட கருவாட்டைக் கழுவப் போனாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பொன்னியம்மன் கயிறு முடிச்சு நெகிழாமல் அவன் மணிக்கட்டில் அப்படியே இருந்தது.